சாவி வாங்கிய கை

“சாவியை வாங்கினது யாரு?” என்று வக்கீல் இம்மானுவேல் கேட்டார். அதுவரை யாருக்கு வந்த விருந்தோ என்பதுபோல ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த லத்திபா, வாயிலிருந்த டீயை அவசரமாக விழுங்கினாள். தொண்டை சுட்டது. கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த வக்கீல் ஆபீஸ். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: வீட்டை விற்கிற தங்கை சுமையா, வாங்க வந்திருக்கிற சுருளிப்பட்டி வீரபாண்டி, கையெழுத்துப் போடுவதற்காக உத்தமபாளையத்திலிருந்து வரவழைக்கப்பட்ட லத்திபா.

வீரபாண்டி திராட்சைத் தோட்டக்காரர். பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று வீடு தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பத்திரம் என்றாலே பயம். அவருடைய சித்தப்பா மகன் கடமலைக்குண்டில் ஒரு வீட்டை, விற்றவனுடைய அக்காளிடம் கையெழுத்து வாங்காமல் வாங்கிவிட்டு, இன்றுவரை வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறான். அதனால் வீரபாண்டி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: “கோச்சுக்கிறாதீகக்கா. பொம்பளப் புள்ளைக எத்தனை பேரோ அத்தனை பேரு கையெழுத்தும் வேணும்.”

அவர் பயந்ததில் தப்பில்லை. பட்டா, வீட்டு வரி, கரண்டு எல்லாம் இன்னும் அக்கா தங்கை இருவரையும் பெற்ற அத்தா, மௌத்தாகி மண்ணுக்குப் போன நத்தர்ஷா ராவுத்தர் பேரில்தான் இருந்தன. வில்லங்கச் சான்றை எத்தனை வருடத்துக்குப் போட்டுப் பார்த்தாலும் சுமையாவின் பேர் எங்கும் வராது. ஏனென்றால் ராவுத்தர் தன் வீட்டை இளைய மகளுக்கு வாயால்தான் கொடுத்தார். ஹிபா என்று அதைச் சொல்வார்கள். கொடுக்கிறவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுகிறவர் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், பொருள் கை மாற வேண்டும். இந்த மூன்றும் நடந்துவிட்டால் எழுத்து இல்லாமலே செல்லும். சாட்சிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருவர் இப்போது இல்லை. இன்னொருவர் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி. வக்கீல் போய்க் கேட்டதற்கு, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து சாவியை வாங்கிக்கொண்டது, ராவுத்தர் மகள்தான், அதற்கு மேல் பெண்பிள்ளைகளின் முகத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் தனக்கு இல்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லி அனுப்பிவிட்டார்.

“அக்காதான் வாங்குச்சு” என்றாள் சுமையா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. “நான் அடுப்படியில இருந்தேன். அக்கா வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடுத்துச்சு.”

இம்மானுவேல் பேனாவை மூடினார். பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை என்றார். தங்கைக்காக, தங்கை சார்பில்தான் சாவியை வாங்கினேன் என்று லத்திபா ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். அப்படி இல்லை என்றால் ஹிபா நிற்காது. ஹிபா நிற்காவிட்டால் வீடு இரண்டு மகள்களுக்கும் பொது. ராவுத்தருக்கு மனைவியும் உயிரோடு இல்லை, ஆண் பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவர்கள், பங்காளிகள் யாரும் இல்லை, ஆகவே பாதிக்குப் பாதி. லத்திபாவும் விற்கிறவளாக வந்து கையெழுத்துப் போட்டுப் பாதியை வாங்கிக்கொள்ளலாம். ரெண்டில் எது நடந்தது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

 யோசித்துச் சொல்கிறேன் என்று லத்திபா எழுந்து பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளையே கேட்டால் அவளுக்கே வெட்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்காரருக்கு அரிசிக் கடை, சொந்த மாடி வீடு, மகன் துபாயில். கஷ்டம் என்று ஒன்று இல்லை. சுமையாவோ சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்து, கைப்பிள்ளையோடு அத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அந்தப் பிள்ளை நசீமை வளர்த்துத் தேனியில் கட்டிக்கொடுத்து, இப்போது அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டை வாங்கிப் போய்விடலாம் என்று நினைக்கிறாள். இப்படிப்பட்டவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குத் தனி மனசு வேண்டும். லத்திபாவுக்கு அந்த மனசு இருந்தது. தொட்டில் பிள்ளையாகச் சுமையா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்தது. அத்தா கடையடைத்து வரும்போது சைக்கிளின் முன்கம்பியில் சுமையாதான் உட்கார்ந்து வருவாள். லத்திபா பெரிய பிள்ளை, நடந்து வருவாள். அவள் கால் கம்பத்துத் தெருவில் நடந்து தேய்ந்ததெல்லாம் இன்னும் அவளுக்கு வலித்தது.

அத்தா படுத்த பிறகு அது முற்றிவிட்டது. கண்ணில் புரை விழுந்து, ஞாபகமும் முன்பின்னாகப் போனதில், எது வேண்டுமானாலும் சுமையா என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் லத்திபா உத்தமபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கஞ்சி ஊட்டி, முதுகு துடைத்துவிடுவாள். அவர் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு, “போதும் சுமையா” என்பார். லத்திபா திருத்தியதில்லை. “சரித்தா” என்பாள். தங்கையின் பேரைப் போட்டுக்கொண்டாவது அந்தக் குரலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஆகியிருந்தது அவளுக்கு. பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வரும். சுமையாவை அவர் திட்டினார் என்று கேள்விப்பட்டால்கூட, திட்டு வாங்குகிற இடத்தில் அவள்தானே இருக்கிறாள் என்று எரியும்.

ஹிபா கொடுத்த காலையில் நடந்ததும் அதன் தொடர்ச்சிதான். தான் குடியிருக்கிற வீட்டைக் கொடுக்கிறவர் அதை விட்டு வெளியே வந்து கொடுத்தால்தான் கை மாறியது தெளிவாகும், பிறகு மகளிடம் கேட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் யோசனை சொல்லியிருந்தார். அதனால் ராவுத்தரை நாற்காலியோடு தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள். ஆண்கள் நிற்கிற தெரு என்பதால் லத்திபா துப்பட்டியை முகம் மறைய இழுத்துப் போர்த்தி, நாற்காலி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சுமையா வர வேண்டும். வந்திருப்பாள். ஆனால் சாட்சிக்கு வந்தவர்களுக்காக அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது, அணைக்க உள்ளே ஓடினாள். அந்த நேரம் பார்த்து அத்தா மடியிலிருந்து சாவியை எடுத்து, பக்கத்தில் நின்ற கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். “சுமையா, வீட்டை ஒனக்குக் குடுத்துட்டேன்” என்றார். சாட்சிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி உள்ளே இருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லத்திபா சொன்னது வேறு. “ஏத்துக்கிட்டேன்த்தா” என்றாள். பிறகு அவர் தலையை நிமிர்த்தி, “உள்ள வரட்டுமாம்மா?” என்று கேட்டார். கடை வைத்து ஊரையே அதட்டிய மனிதர். வாங்கத்தா என்றாள். அப்போது அவள் யாருக்காகவும் வாங்கவில்லை. தனக்குத்தான் வாங்கினாள். அடுப்படி வரை அந்தச் சாவி அவளுடையதாகத்தான் இருந்தது.

இதை எப்படி வக்கீலிடம் சொல்வது? புருஷனிடமே சொல்ல முடியவில்லை. அவர் கணக்காகப் பேசினார். உள்ளதைச் சொல்லிப் பாதியை வாங்கினால் யார் என்ன கேட்கப்போகிறார்கள், ஹராமா என்ன என்றார். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் சுமையாவே உத்தமபாளையத்துக்கு வந்துவிட்டாள். வீரபாண்டி வேறொரு வீட்டையும் பார்த்து வைத்திருக்கிறாராம், வாரக் கடைசிக்குள் முடியாவிட்டால் அங்கே போய்விடுவாராம். தேனியில் அவள் பேசி வைத்த வீடும் கையை விட்டுப் போய்விடும். கொண்டுவந்த பையைக் கீழே வைக்காமலே சொன்னாள். “பாதி எடுத்துக்கக்கா. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். அந்தூர்லயே வாடகைக்கு இருந்துக்கிருவேன்.”

இந்தப் பெருந்தன்மைதான் லத்திபாவுக்கு ஆகாது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

“எனக்குப் பங்கு வேணாம்.”

“பெறகு என்னதான்க்கா வேணும்?”

லத்திபா வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, “அன்னைக்கு அத்தா எங் கையப் புடிச்சுத்தான் குடுத்தாக” என்றாள்.

“ஆமா, எங்கிட்டக் குடுக்கச் சொல்லி.”

“குடுக்கச் சொல்லல. கைய மடக்கிவிட்டாக.”

சுமையா அவளையே பார்த்தாள். ஏதோ புரிந்தது போலவும் புரிந்ததைக் கையில் எடுக்கப் பயந்தது போலவும் இருந்தது அந்தப் பார்வை. “எம் பேரச் சொல்லித்தான?” என்று கேட்டாள்.

“பேரு ஒன்னோடது. கை என்னோடது.”

சுமையா டீ குடிக்காமல் போய்விட்டாள். அக்காள் வீட்டில் கை நனைக்காமல் அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு முழுக்க லத்திபாவுக்கு வேலை ஓடவில்லை. வக்கீல் சொன்ன இரண்டு வழிகளையும் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பாதியை வாங்கினால் ஹிபா நடக்கவில்லை என்று ஆகும். ஹிபா நடக்கவில்லை என்றால் அத்தா தெருவுக்கு வந்தது வீண், சாவி கொடுத்தது வீண், விரல்களை மடக்கிவிட்டதும் சட்டத்தின் கணக்கில் இல்லை. அவர் கடைசிவரை யாருக்கும் எதுவும் கொடுக்காமல் செத்துப்போன மனிதராகிவிடுவார். அந்தக் காலை நடந்தது என்று நிற்க வேண்டுமானால், அதைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. வேறு வழி இல்லை. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலையில் கம்பத்துக்குப் போனாள். வீரபாண்டி இந்தத் தடவை மனைவி சங்கிலியம்மாளையும் கூட்டி வந்திருந்தார். புருஷனைவிட அந்தம்மாவுக்குத்தான் பதற்றம், முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. சுமையா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அக்காளைப் பார்த்து எழுந்தாள். இம்மானுவேல் முன்னாலேயே டைப் அடித்து வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தார். மேற்படி சாவியானது மேற்படி சுமையா சார்பில் பெறப்பட்டது என்று அதில் இருந்தது.

“இதுல என்னையக் காணமே” என்றாள் லத்திபா.

கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவள் பேர் வருகிறதே என்றார் வக்கீல்.

“அங்கன வேணாம். நடந்த எடத்துல வரணும். அத்தா எங் கையப் புடிச்சாக, உள்ளங்கையில சாவிய வச்சாக, வெரல மடக்கிவிட்டாக. அதை எழுதுங்க. அதுக்கடியில தங்கச்சிக்காக வாங்குனேன்னு போட்டுக்கங்க, கையெழுத்துப் போடுறேன்.”

வீரபாண்டி கலவரத்தோடு வக்கீலைப் பார்த்தார். இப்படி எழுதினால் பின்னால் ஏதாவது வில்லங்கம் வருமா என்று கேட்டார். இம்மானுவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, கை மாறியதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது, எழுதலாம் என்றார். வேறு தாள் சொருகினார்கள். லத்திபா சொல்லச் சொல்ல, டைப் அடிக்கிற பெண் நிமிராமல் அடித்தாள். “வெரலைன்னா எத்தனை வெரல்?” என்று வக்கீல் சிரித்தபடி கேட்டதற்கு, அவள் சிரிக்காமல், “எல்லா வெரலும்” என்றாள்.

அடுத்தது தங்கைக்காக வாங்கினேன் என்ற வரி. அது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள். இழுத்துப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பேரைப் போட்டாள். சங்கிலியம்மாள் முந்தானையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இன்னொருக்கா வாசிங்க” என்றாள் லத்திபா. “கைய மடக்குன எடத்த மட்டும்.”

வக்கீல் அலுத்துக்கொள்ளாமல் வாசித்தார். என் தகப்பனார் நத்தர்ஷா அவர்கள், அவர் மகளாகிய லத்திபா என்னும் எனது கையைப் பிடித்து. ஆபீஸ் தமிழில் அது யாருக்கோ நடந்தது போல விறைப்பாக இருந்தது. ஆனாலும் லத்திபாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இனி எந்தக் கோர்ட்டிலும் இது செல்லும். அந்தச் சந்தோஷத்தைக் காட்டத்தான் தங்கையின் பக்கம் திரும்பினாள் என்று சொல்ல வேண்டும்.

“எங் கையப் புடிச்சு அவுக ஒன்னுமே குடுத்ததில்லக்கா” என்றாள் சுமையா. யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. “எங்கிட்ட இருந்தப்பல்லாம், வெள்ளிக்கெழம எப்ப வரும்னுதான் கேப்பாக.”

வக்கீல் வாசித்துக்கொண்டே போனார். சுமையா மடியில் வலது கையை மலர்த்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பும் சோப்பும் தின்று வெளுத்துப்போன உள்ளங்கை. அக்காள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும், விரல்களைத் தானே மடக்கிக்கொண்டாள்.