மிக்ஸி ஓடும்போது கேட்ட கேள்வி

1

இந்தக் கதை பிறந்தது என் வாய்க்கொழுப்பால். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவிடம், "துப்பாக்கிச் சட்டத்த இறுக்கினா கொலை குறையும்னு சொல்றதெல்லாம் சும்மா" என்றேன். அக்கா துப்பாக்கி உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் ஆய்வாளர். வேலையைப் பற்றி வீட்டில் மூச்சுவிடாதவள், அன்று பெயர் சொல்லாமல் ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

2

தொடக்கம் (அடித்துவிட்டேன்): துப்பாக்கிக் குழாயிலிருந்து புகை இன்னும்...

வேண்டாம். இந்தக் கதையில் துப்பாக்கி வராது. அது வராமல் போனதுதான் கதை. எழுதுகிறவனுக்கு இதைவிடச் சோதனை உண்டா?

தொடக்கம் (இருக்கட்டும்): ஒரு கடைக்காரர் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கடையில் திருட்டு நடந்திருந்தது; பயம் நியாயமானதுதான். ஆனால் புதிய சட்டப்படி ஆய்வாளர் வீட்டுக்கே போய், மனைவியிடம் தனியாகப் பேசியாக வேண்டும்.

(நிஜத்தில் அவர் கடைக்காரர் இல்லை. ஆளை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.)

3

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே வெறும் திரைச்சீலை. அந்தப் பக்கம் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் செய்வதையே அக்கா அங்கும் செய்தாள்.

"மிக்ஸில எதையாவது போட்டு ஓட விடுங்கம்மா."

அது அலற ஆரம்பித்ததும் குனிந்து கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் கையில துப்பாக்கி இருந்தா நீங்க நிம்மதியா இருப்பீங்களா?"

அந்த அம்மா சொன்ன பதில்:

[முதல் வரைவு: "குடுத்துடாதீங்க, என்னக் கொன்னுடுவாரு." இரண்டாவது: "குடுத்துடுங்க. இல்லன்னா என்னத்தான் போட்டு வாட்டுவாரு." மூன்றாவதில் பதிலே இல்லை, மிக்ஸியை நிறுத்தவும் இல்லை.]

அக்கா மூன்றையும் படித்துவிட்டு மூன்றின் மேலும் கோடு போட்டாள்.

"இதுல எதுதான் நிஜம்?"

"உனக்கெதுக்குடா? அவங்க என்னை நம்பிச் சொன்னது. அந்த ஆளு நாளைக்கு உன் கதையப் படிச்சா?"

4

உரிமம் மறுக்கப்பட்டது. கடைக்காரர் அலுவலகத்துக்கே வந்து, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "என் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா, இல்ல காசு எதிர்பாக்கறியா?"

"யாரும் எதுவும் சொல்லல. இது என் முடிவு. மேல்முறையீடு பண்ணிக்கங்க" என்றாள் அக்கா. லஞ்சப் பேச்சைத் துடைத்துப் போட்டுவிட்டு, பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள்.

கதை சொல்பவன் இங்கே ஒதுங்கி நிற்க வேண்டுமாம். நான் ஒதுங்க மாட்டேன். அவள் என் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

5

அவர் மேல்முறையீடு செய்திருந்ததால், சில மாதம் கழித்து ஒரு போலீஸ் அறிக்கை அக்காவின் மேசைக்கு வந்தது. வீட்டில் சண்டை. ஆத்திரத்தில் கையில் அகப்பட்டதை எடுத்து அடித்திருக்கிறார். அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. அந்த அம்மாவுக்கு மண்டை உடைந்தது. தன் காலாலேயே தெருவுக்கு ஓடினாள். தையல் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் கொலைகள் குறைந்ததாகச் செய்தி வந்தது. "உன் சட்டத்தாலதானே?" என்று நானே கட்சி மாறிக் கேட்டேன்.

"சட்டத்தாலயா, வேற எதாலயாவதான்னு ஆராய்ச்சி பண்றவங்க மண்டைய உடைச்சுக்கட்டும். நடக்காத கொலைக்கு யாருடா சாட்சி? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இஸ்திரிப் பெட்டிகிட்டேருந்து ஓடித் தப்பிக்கலாம்."

(இஸ்திரிப் பெட்டியும் நிஜத்தில் வேறு பொருள். அக்காவின் பேச்சிலும் மாற்றிவிட்டேன், திட்டுவாள், பரவாயில்லை.)

6

அதன்பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாவைத் தங்கை வீட்டிலேயே இருக்க வையுங்கள், ஒரு வேலைக்கு அனுப்புங்கள், அவரைத் திருத்தி அழ வைத்து வாசலில் நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம். மிக்ஸிச் சத்தத்தில் அவள் சொன்னதையும் நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் உங்களால் முடியாது. எத்தனை வரைவு எழுதினாலும் அவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. அதற்கு என் அக்கா கையெழுத்துப் போடவில்லை.