ஊர்க்காரி எழுதிக்கொடுத்த பட்டியல்

சிகாகோவுக்கு விருந்தாளி வந்தால் எங்கே சாப்பிடுவது, எதைப் பார்ப்பது என்று பெர்னடெட் ஸ்டாங்கஸைத்தான் கேட்க வேண்டும். அவள் வேலை பார்த்த தண்ணீர்வரி அலுவலகத்தில் இது எழுதப்படாத சட்டம். மூன்றாவது கவுண்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவள். கட்டணம் கட்ட வந்தவர்கள்கூட, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "மச்சான் குடும்பம் வருது, எங்க கூட்டிட்டுப் போகலாம்?" என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு முதலில் கிடைப்பது திட்டுதான்.

"அந்தப் பளபளன்னு பீன்ஸ் கொட்டை மாதிரி இருக்கிற சிலைக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க. வெளியூர்க்காரங்க மூஞ்சி பாத்துக்கறதுக்கு வெச்ச கண்ணாடி அது. ராட்டினத்துல ஏறாதீங்க. ஆத்துல படகு விட்டு, கட்டடத்தை அண்ணாந்து பாக்கறதுக்குக் காசு குடுக்கறவன் சிகாகோக்காரனே கிடையாது. நான் தெனமும் ஓசியில பாக்கறேன்."

இப்படித் திட்டி முடித்த பிறகுதான் அசல் ஊர்க்காரர்கள் போகும் இடங்களைச் சொல்வாள். தெற்கே பிரிட்ஜ்போர்ட் பேட்டையில் ரூட்டா என்ற லித்துவேனியச் சாப்பாட்டுக்கடை. அதற்கு நாலு தெரு தள்ளி பெட்ராவிச் பேக்கரி. வடக்கே லென்னியின் மாடி என்று ராத்திரியில் ப்ளூஸ் கச்சேரி நடக்கும் ஒரு பாட்டுக்கடை, படி ஏறும்போதே தரை அதிரும். இந்த இடங்களுக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பழக்கியவர் அவள் கணவர் ஆல்கிஸ். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு அவள் போனது அலுவலகத்துக்கும், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் செங்கல் வீட்டுக்கும்தான். ஆனால் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "மாசம் ஒரு தடவையாவது ரூட்டாவுக்குப் போகலேன்னா எனக்கு ஆகாது" என்பாள். சொல்லிச் சொல்லி அவளே அதைப் பாதி நம்பியிருந்தாள்.

ஜூன் மாதம் முதல் வியாழக்கிழமை ராத்திரி அவள் சித்தி மகள் லோர்னாவும் லோர்னாவின் கணவர் டுவேனும் பக்கத்து மாநிலமான அயோவாவிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். டுவேன் முப்பது வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, பெரிய குரல், எது சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இருவரும் சிகாகோவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. மறுநாள் பெர்னடெட் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டதால், சமையலறை மேஜையில் சாவியும் அதன்கீழே கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியலும் இருந்தன. எந்த ரயிலில் ஏறுவது, எந்தப் பஸ்ஸுக்கு மாறுவது, எந்த மேஜையில் உட்கார்வது என்பதுவரை எழுதியிருந்தாள். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்: "படகு வேண்டாம்."

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இருவரும் முகமெல்லாம் வெயிலில் சிவந்துபோய் சோபாவில் கிடந்தார்கள்.

"போனீங்களா?"

லோர்னா கணவரைப் பார்த்தாள். டுவேன்தான் பதில் சொன்னார். "போகாம? அந்தப் பீட்ரூட் சூப் இருக்கே பெர்னி, அடடா! நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேன்."

"ஜில்லுன்னு குடுத்தாளா, சூடாவா?"

"ஜில்லுன்னு" என்றார் டுவேன்.

பெர்னடெட்டுக்கு உச்சி குளிர்ந்தது. "கோடையில அப்படித்தான் குடுப்பா. முகத்துல என்ன இவ்வளவு வெயில்?"

"நடந்தோம்" என்றாள் லோர்னா அவசரமாக. "நிறைய நடந்தோம்."

மறுநாள் சனிக்கிழமை. கூட வரச்சொல்லி லோர்னா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதை பெர்னடெட் கவனித்தாள்; ஆனால் அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முழங்கால் வலி என்று சொல்லத் தயாராக இருந்தாள், சொல்ல வேண்டி வரவில்லை. சாயங்காலம் அவர்கள் இன்னும் சிவந்து வந்தார்கள். பேக்கரியின் கம்பு ரொட்டியைப் பற்றியும், லென்னியின் மாடியில் மத்தியானமே கச்சேரி நடந்ததைப் பற்றியும் டுவேன் அளந்தார். மத்தியானத்தில் அங்கே கச்சேரி நடந்து பெர்னடெட் கேள்விப்பட்டதே இல்லை. காலம் மாறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தோடு டுவேன் நிறுத்தியிருக்கலாம். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஆமா, நேத்து ரூட்டாவுல அந்தக் கடைக்கார அம்மா உங்களை விசாரிச்சாங்க" என்றார்.

பெர்னடெட் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு? யூராட்டேவா?"

"அவங்கதான். கல்லாவுல உக்காந்திருந்தாங்க. பெர்னி எப்படி இருக்கா, ஆல்கிஸை நெனச்சுக்கறோம்னு சொல்லுங்கன்னாங்க."

மேஜைக்குக் கீழே லோர்னா அவர் காலை மிதித்தது பெர்னடெட்டுக்குத் தெரியாது. ஆல்கிஸ் பெயரை வாய்விட்டுச் சொல்லி யாரும் பேசி வருடக்கணக்கில் ஆகியிருந்தது. ஒருவர் பன்னிரண்டு வருடம் கழித்தும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அவரை நினைத்திருக்கிறார் என்றால், போய் முகம் காட்டாத தான் எப்பேர்ப்பட்டவள்! அவள் தட்டைக்கூடக் கழுவாமல் படுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தபோது நீலச்சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசியிருந்தாள்.

"இன்னிக்கு மத்தியானம் மூணு பேரும் ரூட்டாவுல சாப்பிடறோம். யூராட்டேவைப் பாத்து வருஷ... மாசக்கணக்காச்சு."

டுவேனுக்குக் காப்பி புரை ஏறியது. முதலில் தனக்கு வயிறு சரியில்லை என்றார். லோர்னா மழை வரும் என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காதே என்று டுவேன் இழுத்தார்.

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சுதான்யா அங்க கூட்டமே வரும்! வயிறு சரியில்லேன்னா சூப் மட்டும் குடிங்க. கெளம்புங்க."

ரயிலில் ஏறி, பஸ்ஸுக்கு மாறினார்கள். பஸ்ஸில் டுவேன் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே, "இதுதானே?" என்று எழுந்து மணியடித்தார். பெர்னடெட் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "முந்தாநாள்தானேய்யா வந்தீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

இறங்கி நடந்தார்கள். தெருமுனையில் இருந்த தேவாலயம் அப்படியே இருந்தது. அதற்கடுத்த செருப்புக்கடை இல்லை. அவள் நடையைக் கொஞ்சம் குறைத்தாள். ரூட்டா இருந்த கட்டடத்தின் பச்சை ஓட்டு முகப்பு அப்படியே இருந்தது; அதன்மேல் சிவப்பில் சீன எழுத்து, கீழே ஆங்கிலத்தில் 'தங்க நாணல் நூடுல்ஸ்'. வாசலில் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

பெர்னடெட் பலகையைப் பார்த்தாள். வீட்டு எண்ணைப் பார்த்தாள். "பேரை மாத்திட்டாங்க போல" என்றாள், மெதுவாக.

வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த இளம்பெண் நிமிர்ந்து, "எத்தனை பேருங்க?" என்றாள்.

"இங்க யூராட்டேன்னு ஒருத்தங்க..."

"ஓ, பழைய கடைக்கார அம்மாவா? எங்க அப்பா அவங்ககிட்டதான் வாங்கினார். அவங்க மகளோட அரிசோனா போயிட்டாங்க. நாங்க வந்தே பதினோரு வருஷம் ஆகுதே."

பெர்னடெட் திரும்பினாள். டுவேன் தேவாலயக் கோபுரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த பீட்ரூட் சூப்பு?"

"அது... நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் டுவேன்.

"கல்லாவுல உக்காந்து என்னை விசாரிச்சது யாரு? அரிசோனாவுலேர்ந்து எட்டிப் பாத்தாளா?"

லோர்னா குறுக்கே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பெர்னி, திட்டறதுன்னா என்னைத் திட்டு. வெள்ளிக்கெழமை நேரா இங்கதான் வந்தோம். இந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. பேக்கரிக்குப் போனோம், அங்க நாய்க்கு முடி வெட்டிட்டு இருந்தாங்க. பாட்டுக்கடைக்கு ஃபோன் போட்டோம், நம்பரே இல்லைன்னு வந்துது. அந்தத் தாளைப் பாத்தா எனக்கு மனசே ஆகல. மூலை மேஜை, ஜன்னல் பக்கம்னு எழுதியிருக்க. எல்லாம் ஆல்கிஸ் உன்னைக் கூட்டிட்டுப் போன எடம்னு எனக்குத் தெரியாதா? எதுவுமே இல்லேன்னு எந்த வாயால சொல்றது?"

"அதுக்காக இப்படிக் கதை அளக்கறதா?"

"அவரை ஜில்லுன்னு சொன்னதோட நிறுத்தச் சொன்னேன், கேக்கல." பிறகு லோர்னாவுக்கும் கொஞ்சம் சூடு ஏறியது. "சரி, நீ மாசா மாசம் இங்க வந்து என்ன சாப்பிட்ட? நூடுல்ஸா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெர்னடெட்டுக்கு முகம் சூடேறியது. இந்தப் பதினோரு வருடத்தில் தான் அனுப்பி வைத்தவர்கள் எல்லாம் மனதில் வரிசையாக வந்து நின்றார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து சொல்லவில்லையே! ஒன்று, எல்லோரும் இந்த இருவரைப் போல நல்லவர்கள். இல்லையென்றால், கவுண்டரில் தலையை ஆட்டிவிட்டு யாருமே போகவில்லை. எது மேல் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"ரெண்டு நாளும் எங்கதான் போனீங்க?"

"படகு" என்றாள் லோர்னா, தரையைப் பார்த்து.

"ரெண்டு நாளுமா?"

"வெள்ளிக்கெழமை போனோம். நல்லா இருந்துச்சு. அதான் சனிக்கெழமையும் போனோம்." டுவேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இன்னிக்கு மூணு மணிக்கும் டிக்கெட் வாங்கி வெச்சிருக்கேன். உங்களைத் தூங்க வெச்சிட்டுப் போகலாம்னு இருந்தோம்."

பெர்னடெட்டுக்குக் கோபம்தான் வந்தது. அதை வெளியே விடுவதற்காக வாயைத் திறந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நடைபாதையில் நின்று, சாயம் பூசிய உதட்டைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நீரில் பாதி சிரிப்பால் வந்ததல்ல என்று லோர்னாவுக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு பேருங்க" என்றார் டுவேன் இளம்பெண்ணிடம்.

நூடுல்ஸ் வந்தது. உப்பு அதிகம் என்றாள் பெர்னடெட். குழம்பில் மிளகாய் எண்ணெய் மிதப்பது அநாகரிகம் என்றாள். கிண்ணம் காலியானதும் இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள்.

மூன்று மணிப் படகில் மூன்றாவது டிக்கெட்டும் கிடைத்தது. மேல்தட்டில் நடுவரிசையில், தெரிந்தவர் யாரும் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிடக் கூடாது என்று லோர்னாவின் வைக்கோல் தொப்பியை வாங்கி முகம் மறையப் போட்டுக்கொண்டு பெர்னடெட் உட்கார்ந்தாள். படகு நகர்ந்தது. வழிகாட்டிப் பையன் ஒலிவாங்கியைத் தட்டினான்.

"வணக்கம் மக்களே! இங்க உள்ளூர்க்காரங்க யாராவது இருக்கீங்களா?"

பெர்னடெட் தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள். பக்கத்தில் ஒரு பெரிய கை உயர்ந்தது.

"நான்தான்!" என்றார் டுவேன். "பிரிட்ஜ்போர்ட்!"

"யோவ்" என்று பல்லைக் கடித்தாள் பெர்னடெட். லோர்னா கணவரின் இடுப்பில் இடித்தாள். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு டெக்ஸாஸ் அம்மாள் அதற்குள் முழுதாகத் திரும்பிவிட்டாள். "அப்பாடா! ஒரு அசல் ஆள் கிடைச்சாரு. சொல்லுங்க, நீங்கல்லாம் எங்க சாப்பிடுவீங்க? இந்த விளம்பரக் கடையெல்லாம் வேண்டாம்."

டுவேனுக்கு வேறென்ன தெரியும்? பட்டியல்தான் தெரியும். இரண்டு நாளாக மடித்து மடித்து வைத்திருந்ததில் மனப்பாடம் ஆகியிருந்தது. ரூட்டா என்றார், பீட்ரூட் சூப் என்றார், ஜன்னல் பக்கத்து மூலை மேஜை என்றார். கம்பு ரொட்டியைக் காலை எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும் என்றார். லென்னியின் மாடியில் தரை அதிர்வதைக் கையை ஆட்டிக் காட்டினார். நாலைந்து பேர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள்.

அதற்குமேல் பெர்னடெட்டால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அந்த ரூட்டா மூடிப் பதினோரு வருஷம் ஆச்சு" என்றாள் தொப்பியைத் தூக்கி. "அந்த எடத்துல இப்ப தங்க நாணல்னு ஒரு நூடுல்ஸ் கடை இருக்கு. இப்பதான் சாப்பிட்டு வந்தேன். அங்க போங்க."

டெக்ஸாஸ் அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்த ஊரு?"

சுற்றிலும் முகங்கள் காத்திருந்தன. வழிகாட்டிப் பையனும் பார்த்துக்கொண்டிருந்தான். சிகாகோ என்று சொன்னால் தொடர்ந்து என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்: அப்புறம் இந்தப் படகில் என்ன வேலை?

"அயோவா" என்றாள் பெர்னடெட்.

டெக்ஸாஸ் அம்மாளின் முகத்தில் கருணை படர்ந்தது. "அதான் பாத்தேன். வந்த உடனே கண்ணுல பட்ட கடையில நுழைஞ்சிருப்பீங்க. உள்ளூர்க்காரர் சொல்றதைக் கேளுங்கம்மா, அவருக்குத் தெரியாதா?" டுவேன் பக்கம் திரும்பி, "அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க. எப்படி எழுதணும்?" என்றாள்.

டுவேனுக்கு எழுத்து எப்போதுமே கொஞ்சம் தகராறு. அவர் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீரைப் பார்த்தாள். படகு முதல் பாலத்தின் நிழலுக்குள் நுழைந்தது. மேலே லாரி ஒன்று கடகடவென்று ஓடும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பெர்னடெட் முன்னால் குனிந்து, அந்த அம்மாளுக்கு ரூட்டாவை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்ச உடனே போனா எடம் கெடைக்காது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.