ஆய்வுக்காக வெட்டிய புதர்

பைக்கை நிறுத்தியதும் நகராட்சிச் சாலைப் பொறியாளருக்குப் பகீரென்றது. கேட் இல்லாத அந்த ரயில் கடவையின் இரு பக்கமும் மண்டிக் கிடந்த முட்புதரைக் காணவில்லை. தண்டவாளம் வளைவு வரை பளிச்சென்று தெரிந்தது.

புதருக்குப் பின்னாலிருந்து ரயில் திடீரென்று முளைக்கிறது என்று சொல்லித்தான் அரசின் பாதுகாப்பு நிதியில் கேட் போடப் பணம் கோரியிருந்தார். இந்த ஆண்டு ஒரே ஒரு கடவைக்குத்தான் நிதி. அவர் மகள் போகும் பள்ளி வேன் தினமும் இதைத்தான் தாண்டுகிறது.

வார்டு உறுப்பினரான மாமனார் சிரித்த முகத்தோடு வந்தார்.

"எப்படி மாப்பிள்ளே? பெரிய அதிகாரி வர்றாரு, இடம் லட்சணமா இருக்க வேணாமா? ஆள் விட்டு மழிச்சுட்டேன்."

"கேஸையே மழிச்சுட்டீங்க மாமா."

"என்னது?"

விளக்க நேரமில்லை. ஜீப் வந்துவிட்டது.

நிதி அதிகாரி தண்டவாளத்தருகே நின்று இரு பக்கமும் பார்த்தார். "ரயில் வர்றது நல்லாத்தானே தெரியும்? இங்க எதுக்கு கேட்?"

மாமனாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போனது. "புதர் இருந்துச்சு சார், சத்தியமா..." என்று இழுத்தார்.

பொறியாளர் தடுமாறவில்லை. சாலையோரம் குவித்திருந்த முள்ளைக் காட்டினார். "நேத்து வரைக்கும் இது அங்க நின்னுச்சு சார்."

"அப்போ அடிக்கடி வெட்டிட்டாப் போச்சு. செலவும் மிச்சம்."

"இதுக்கு முன்னாடி எப்போ வெட்டினோம்னு இவரையே கேளுங்க."

அதிகாரி திரும்பினார். மாமனார் தலையைச் சொறிந்தார்.

"நீங்க வர்றீங்கன்னுதான் சார் வெட்டினோம். இல்லேன்னா யாரு வெட்டுறா?"

ஜீப் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதிகாரியின் உதடும் லேசாகக் கோணியது.

"ரெண்டு மழை போதும், திரும்ப மண்டிடும்," என்றார் பொறியாளர். "மாசாமாசம் நீங்க வருவீங்களா சார்? கேட் இருந்தா ரயில் வரும்போதெல்லாம் மூடும். எந்த அதிகாரி வர்றாருன்னு பாக்காது."

அதிகாரி முள் குவியலருகே போய் நின்றார். அது அவர் தலைக்கு மேல் இருந்தது. பிறகு கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சரி. கேட்டுக்குப் பரிந்துரை பண்றேன்."

"சிவப்பு விளக்கும் மணியும் சேர்த்துக்குங்க சார்."

"விட்டா ஸ்டேஷனே கேப்பீங்க போல."

"அதை அடுத்த வருஷம் கேக்குறோம்," என்றார் மாமனார், போன உயிர் திரும்பியவராக.

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் மட்டும் அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்கை எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன்யா."

"மணி?"