வட்டம் போடாத குழி

நகரசபையின் சாலை மேற்பார்வையாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊருக்கே அவர் வட்டம்தான். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகத் தெருத்தெருவாக நடப்பார். அடைக்க வேண்டிய குழியைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போடுவார். பின்னாலேயே தார் வண்டி வரும். வட்டம் இருந்தால் வாயைத் திறக்காமல் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் யானை விழுகிற குழியானாலும் தாண்டிப் போய்விட வேண்டும். சட்டம் அவர் போட்டதுதான். முன்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டி, வண்டிக்காரரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஊர்க் குழியையெல்லாம் அடைத்த மனுஷன், தன் வீட்டு வாசல் குழிக்கு மட்டும் வட்டம் போடவில்லை. கேட்டால், "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்பார். நாலு பேராவது மண்ணாவது! அவர் பயந்ததெல்லாம் ஒரே ஒருத்திக்குத்தான். நூல்கடை வைத்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவள். கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, "ஏன் அந்தத் தெருவுக்கு மட்டும்? ஏன் இவ்வளவு செலவு?" என்று குடைந்தெடுப்பதால் 'ஏன் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் எழுந்தால் தலைவரே தண்ணீர் டம்ளரைத் தேடுவார். 

வட்டத்தின் மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைகளைக் கண்விழித்துத் தைத்து, தேய்த்து, மூட்டை கட்டி, ஒரு மழைநாளில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலிலேயே முன்சக்கரம் குழியில் இறங்கியது. மூட்டை சேற்றில் விழுந்தது. அவர் முன்னால் அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அத்தனையையும் மறுபடி துவைத்து, கிழிந்ததைத் தைத்து, தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, தையல் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றினாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். குழிய அடைச்சுட்டுச் சொல்லுங்க, வர்றேன்."

"ஊர் என்ன சொல்லும், யோசிச்சுப் பாத்தியா?"

"அப்ப ஊரையே கட்டிக்கிட்டு அழுங்க."

போயே போய்விட்டாள். வட்டம் சமைத்த சோறு ஒருநாள் குழைந்தது, மறுநாள் கருகியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மெஷின் சத்தம் இல்லாத வீட்டில்தான் அவரால் உட்கார முடியவில்லை. அவள் இல்லாமல் அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு வண்டித் தார்தான் இருக்கு. அதோட அடுத்த வருஷம்தான். பாத்து வட்டம் போடுங்க."

அடுத்த வருஷமா? அன்று சாயங்காலம் வட்டம் தன் வாசலில் குந்தி, பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். கூட்டத்தில் ஏன் அக்கா எழுந்து நிற்பது கண்முன் வந்தது. வட்டம் போடாமலே எழுந்து, ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போய் அங்கிருந்த குழிகளுக்கெல்லாம் வட்டம் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். நேர்மை என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். நேர்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பயம்.

மறுநாள் வாசலில் சத்தம் கேட்டு ஓடிவந்தால், தார் வண்டி நிற்கிறது. குழியைச் சுற்றி உருளைக்கிழங்கு மாதிரி கோணலாக ஒரு வட்டம்.

"நிறுத்துங்கப்பா, இது நான் போட்டது இல்ல."

"வட்டம் இருந்தா வாயத் திறக்காம அடைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் வண்டிக்காரர். ஆஸ்பத்திரி ரோடு போக மிச்சமிருந்த தார் முழுவதும் குழிக்குள் போனது.

மனைவியின் வேலையாகத்தான் இருக்கும் என்று போன் போட்டார்.

"நானா? நான் போட்டிருந்தா மெஷின் சக்கரம் மாதிரி உருண்டையா இருந்திருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மதியம் கூட்டம். ஏன் அக்கா எழுவதற்குள் வட்டம் எழுந்துவிட்டார்.

"என் வீட்டு வாசல் குழிய அடைச்சுட்டாங்க. வட்டம் யார் போட்டதுன்னு சத்தியமா தெரியாது. அந்தச் செலவ நானே கட்டிடறேன்."

எல்லோரும் ஏன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் டம்ளரை எடுத்தார். அவள் நிதானமாக எழுந்தாள்.

"போட்டது நான்தான்."

தலைவருக்குப் புரையேறிவிட்டது.

"மூட்டை சேத்துல விழுந்த அன்னிக்கு இவர் வீட்டம்மா என் கடைக்கு நூல் வாங்க வந்தா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. ஏன்னு கேட்டேன், சொன்னா. இவரே போடுவாருன்னு நானும் நேத்து வரைக்கும் பாத்தேன்." வட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஊர்க் குழியெல்லாம் அடைச்சீங்க. இத மட்டும் ஏன் விட்டீங்க?"

"உங்களுக்குப் பயந்துதான், அக்கா."

சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"நான் ஏன்னு கேட்டா, குழி இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? அதுக்கு மேல நான் என்ன கேக்கப் போறேன்?"

 அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாமல்தானே வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார் வட்டம்!

சாயங்காலம் மெஷின் வண்டி வாசலில் வந்து நின்றது. மனைவி இறங்கி, தாரைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். சுற்றியிருந்த கோணல் வட்டத்தையும் பார்த்தாள்.

"பிரஷ்ஷ எடுத்துட்டு வந்து சரி பண்ணட்டுமா?" என்றார் அவர்.

"அது அப்படியே இருக்கட்டும். நீங்க மெஷின எறக்குங்க."