எதிரணி நாற்காலி

பட்டிமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறவர் பாதியில் எழுந்துபோய் எதிரணிப் பக்கம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அனகாபுத்தூர் மாதா கோயில் திருவிழாவில் என் வீட்டுக்காரர் சுகுமார் அதைத்தான் செய்தார். கூட்டமே கைதட்டியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இளைஞர் எல்லாருக்கும் ராணுவச் சேவையைக் கட்டாயமாக்க வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. டிவியில் அடித்துக்கொள்வது போதாதென்று கோயிலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷன் ‘வேண்டாம்’ என்றுதான் பேசுவார் என்று கமிட்டிக்காரர்களே முடிவு செய்து, அந்த அணியில் இவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் எங்கள் நிகில் பட்டாளத்தில் சாகவில்லையே. கொட்டுகிற மழையில் ரேடியல் ரோட்டில் சாப்பாடு டெலிவரிக்குப் போனவனை லாரி அடித்துவிட்டது.

அவனுக்குப் பட்டாளம் என்றால் உயிர். ஆளெடுப்பில் ஓடித் தேறியும் வந்தான். ஒரே பிள்ளை, எல்லையில் நிற்கவைக்கவா பெற்றோம் என்று இவர் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டார். நான் இவருக்குத் தெரியாமல் பையனைக் கூப்பிட்டு, நீ போடா, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாவிப் பிள்ளை போகாமல் நின்றுவிட்டான்.

மேடையில் இவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். இஷ்டமில்லாதவனை இழுத்துப்போய்த் துப்பாக்கி கொடுத்தால் நாடு உருப்படுமா என்று கேட்டார். அப்புறம் பேச்சைப் பாதியில் விட்டார். மைக்கோடு நடந்துபோய் அந்தப் பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவர் ஸ்ரீநிவாசன் சார் விடுவாரா? தேர்தல் வருவதற்குள் கூட்டணி மாறிவிட்டார் என்று கிண்டலடித்தார். சிரிப்பு அடங்கும்வரை இவர் காத்திருந்தார்.

“அன்னிக்கு இது சட்டமா இருந்திருந்தா நான் தடுத்திருக்க முடியாது. போலீஸ் வந்தாவது இட்டுனு போயிருக்கும். எம் புள்ள உசுரோட இருந்திருப்பான்.”

நேரம் முடிந்ததென்று மணியடிக்கப் போன நடுவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் மேடையேறி இவரைக் கீழே கூட்டிவந்தேன். தீர்ப்பு என்ன ஆனதோ, தெரியாது.

ஆற்றுப் பாலம் வழியாக வீட்டுக்கு நடந்தோம். பட்டாளத்துக்குப் போனவனெல்லாம் திரும்பியா வந்துவிடுகிறான் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அது அவர் காதில் ஏறவில்லை. சட்டென்று நின்றார்.

“ஞானம், நீயா இருந்தா அனுப்பியிருப்ப, இல்ல?”

மாதா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவரை நேராகப் பார்த்தேன்.

“நானும் வுட்டிருக்க மாட்டேங்க.”

அப்படியே பாலத்து ஓரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சாவு வீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போயின. ஒன்றும் அவர் மேல் பட்டுவிடாதபடி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ரோட்டுப் பக்கமாக நின்றேன்.