சிறிலின் விட்டநாள்

ஓட்டப் போட்டி நடந்த சனிக்கிழமை சிறிலுக்கு விட்டநாள். அதற்காகவே எங்கள் கல்லூரிப் பிரின்சிபல் போட்டியை வெள்ளியிலிருந்து ஒரு நாள் தள்ளி வைத்திருந்தார்.

அந்த வருடம் கேகாலைப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் நாள் பார்த்தோம். மலேரியா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. குளிர் நடுக்கி எடுக்கும் நாளை முறைநாள் என்றார்கள். மறுநாள் விட்டநாள். அன்றைக்கு ஆட்கள் எழுந்து கடை திறந்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், பிரேதம் தூக்கினார்கள். ருவான்வெல்லை ரப்பர்த் தோட்டங்களில் கங்காணிமார் பால் வெட்டும் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கூட்டம் லயத்து வீடுகளில் நடுங்கும்போது மற்றது மலையில் நிற்கும். அடுத்த நாள் மாறும். நோய்க்கு ஒழுங்கு இருந்ததால் அதை நம்பினோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எனக்கு ஒரு நாள், என் மனைவி திரேசாவுக்கு மறுநாள். ஒருவர் நடுங்கும்போது மற்றவர் கஞ்சி வைத்தோம்.

அவள் ஜனவரியில் இறந்தாள். மார்ச்சில் கல்லூரி மறுபடி திறந்தது. நான் கணக்கு வாத்தியார், விளையாட்டுக்கும் பொறுப்பு. திரும்பிப் போனேன். வேறு எங்கே போவது?

சிறில் மைல் ஓட்டக்காரன். பதினெட்டு வயது. ருவான்வெல்லைத் தோட்டமொன்றில் அவனுடைய அப்பா பால் வெட்டுகிறார். கல்லூரி அவனுக்கு விடுதியில் இலவச இடம் கொடுத்திருந்தது. அவன் ஓடுவதால் கொடுத்த இடம். டிசம்பரில் சீனியர் சோதனை எழுத வேண்டும். தேறினால் தோட்டத்துக்கு வெளியே எங்காவது கிளார்க் வேலை கிடைக்கும். தேறாவிட்டால் காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பெயர் கொடுத்து, அப்பாவுக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும்.

முந்தின நாள் பிரின்சிபல் விடுதிக்கே வந்து அவனிடம் சொல்லியிருந்தார்: ஓடாவிட்டால் இடம் இல்லை.

சனிக்கிழமை காலை உடுப்பு மாற்றும் கொட்டகைக்குப் போனேன். சிறில் வாங்கில் உட்கார்ந்து கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நிலாம். கடைவீதித் துணிக்கடைக்காரர் மகன், தொடர் ஓட்டக் குழுவின் தலைவன். வாய் ஓயாதவன்.

"எழும்பு," என்றேன் சிறிலிடம். "சட்டையைத் தூக்கு."

தூக்கினான். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். மண்ணீரல் கல் மாதிரி இருந்தது. தொப்புள் வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தக் கல்லை என் கைக்குத் தெரியும்.

"நீ ஓடக்கூடாது."

"இன்னைக்கு விட்டநாளுங்க சேர். ஒடம்பு லேசா இருக்கு. காலையில ரெண்டு ரொட்டி தின்னேன்."

"நேற்று?"

"நேத்து நடுங்குனேன். அது நேத்துங்க. கொயினா குடிச்சிட்டேன்."

"நுவரெலியா ரேஸ் குதிரைக்குச் சளி புடிச்சா டொக்டர் வருவார்," என்றான் நிலாம். "இவனுக்கு நேத்து பிரின்சிபல்தான் வந்தார். நாக்கை நீட்டச் செல்லிப் பாக்கல்ல, அது ஒண்டுதான் கொறை."

சிறில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"என் மனைவி விட்டநாளில்தான் இறந்தாள்," என்றேன்.

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"காலையில் எழுந்து குளித்தாள். உடம்பு லேசாக இருக்கிறது என்றாள். எனக்குக் கஞ்சி வைக்கக் குடத்தோடு படி இறங்கினாள். கடைசிப் படியில் வழுக்கி உட்கார்ந்தாள். பலமாக விழவில்லை. குடம்கூட உடையவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தாள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிந்துவிட்டது. உள்ளே மண்ணீரல் வெடித்துவிட்டது என்றார் டொக்டர். வீங்கிய மண்ணீரலுக்கு ஒரு முழங்கை இடி போதும். முதல் வளைவில் எத்தனை முழங்கை இருக்கும் என்று உனக்குத் தெரியும்."

சிறில் சட்டையை இறக்கினான். தரையைப் பார்த்தான்.

"ஓடலேன்னா எடம் போயிருமுங்க, சேர்."

"நான் பேசுகிறேன்."

"பேசுங்க. ஆனா எடம் போயிட்டா நீங்க தருவீங்களா?"

எண் எழுதிய அவனுடைய இலக்கத் துணி என் சட்டைப் பையில் இருந்தது. ஓட்டக்காரனுக்கு அதை நான்தான் ஊசி குத்திக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். போன வருடம் எல்லா இலக்கங்களையும் தைத்தவள் திரேசா. பையின் மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மைதானத்தின் மேற்குப் பக்கம் விருந்தாளிகளின் கூடாரம். வெள்ளைக்காரத் தோட்டத் தொரைமார், வக்கீல்கள், எதிர்க் கல்லூரி அதிபர், பெற்றோர். பிரின்சிபலைக் கூடாரத்தின் பின்புறம் அழைத்துப் போனேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம்.

"சிறில் ஓட முடியாது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது."

"இந்த ஜில்லாவில் வீங்காத மண்ணீரல் யாருடையது? உங்களுடையதும் வீங்கித்தான் இருக்கும். இன்று அவனுக்கு நல்ல நாள். அதற்காகத்தானே போட்டியையே மாற்றினேன்."

"நல்ல நாள் என்று ஒன்று கிடையாது."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். திரேசாவின் அடக்கத்தில் ஜெபம் சொன்னவர் அவர்தான். குரலைத் தணித்தார்.

"உங்கள் துக்கம் எனக்குத் தெரியும். ஆனால் இதைப் பாருங்கள். விடுதியில் பாதிக் கட்டில் காலி. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பப் பெற்றோர் பயப்படுகிறார்கள். இந்த வருடமும் கேடயம் எடுத்தால் அது நிரந்தரமாக நம்முடையது. பத்திரிகையில் வரும். கல்லூரி உயிரோடு இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். புள்ளிக் கணக்கு மைல் ஓட்டத்தில்தான் தீரப்போகிறது."

"அவன் விழுந்தால்?"

"அவனை நாங்கள் வற்புறுத்தவில்லை. அவன் தானாக ஓடுகிறான்."

"ஓடாவிட்டால் இடம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள்."

"ஓட்டத்துக்காகக் கொடுத்த இடம் அது. சாப்பாடு, கட்டில், படிப்பு எல்லாம் கொடுக்கிறோம். வருடத்தில் ஒரு தடவை ஓடக் கேட்கிறோம். இதில் என்ன அநியாயம்?"

"படிப்பு அவன் காலுக்குக் கொடுத்த கூலியா?"

அவர் முகம் சிவந்தது. கையை நீட்டினார்.

"இலக்கத்தைத் தாருங்கள்."

"தரமாட்டேன்."

"வேறு துணியில் எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். யோசித்துக்கொள்ளுங்கள். அவன் இடத்தோடு உங்கள் வேலையும் போகும்."

மணி அடித்தது. மைல் ஓட்டம்.

கூடாரத்தைச் சுற்றி நான் வந்தபோது சிறில் கோட்டில் நின்றான். முதுகில் புதுத் துணி. நீல மை இன்னும் காயாமல் ஒழுகியது. நான் இலக்கத்தைக் குத்தாததைக் கண்டு யாரோ முன்பே எழுதி, பியோனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் எதிர்க் கல்லூரி ஓட்டக்காரர்கள், தோள் அகன்ற பையன்கள். துப்பாக்கியோடு நின்றவர் ஒரு தோட்டத் தொரை.

மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடினேன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. தொரை துப்பாக்கியை உயர்த்தினார்.

அப்போது நிலாம் தடத்துக்குள் நடந்து போனான். ஓடவில்லை. பெருநாள் தொழுகைக்குப் போகிறவன் மாதிரி நிதானமாகப் போய், கோட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் தொடர் ஓட்டக் குழுவின் மற்ற மூவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

தொரைக்குத் தோட்டத் தமிழ் வரும். "என்ன சங்கதி? எந்திரி!" என்று கத்தினார்.

"எழும்புறம் தொரை," என்றான் நிலாம். "ஒரு கேள்வி ஈக்கு. பிரின்சிபல் சேர் வரட்டும்."

"சுட்டுருவேன்!"

"சுடுங்க. அதுல வெறும் சத்தந்தானே ஈக்கு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பிரின்சிபல் வேகமாக வந்தார். பின்னாலேயே எதிர்க் கல்லூரி அதிபரும், வக்கீல்கள் இரண்டு பேரும் வந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். பேச மூச்சில்லை.

"எழுந்திருங்கள், எல்லோரும்," என்றார் பிரின்சிபல். "நிலாம், நீயும் உன் குழுவும் கல்லூரியை விட்டு விலக்கப்படுவீர்கள்."

"சரி சேர். வாப்பாட கடையில துணி கிழிக்க எனக்கு எடம் ஈக்கு. சிறிலுக்கு எங்க ஈக்கு? அவனுக்கு எடம் இல்லாட்டி எங்களுக்கும் ஓட்டம் இல்ல."

பிரின்சிபல் என் பக்கம் திரும்பினார். "இது உங்கள் வேலையா?"

இல்லை என்று தலையசைத்தேன். பிறகு சிறிலிடம் போனேன். அவன் உதடு வெளுத்திருந்தது. காலையில் நான் அவனிடம் ஓடக்கூடாது என்றேன். பிரின்சிபல் ஓடு என்றார். இரண்டுமே உத்தரவு.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த நால்வரைப் பார்த்தான். பிறகு பிரின்சிபலின் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் பேசினான். அந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்த ஆங்கிலம், ஒரு பிழை இல்லை.

"சேர், எனக்கு மலேரியா. இன்று நான் ஓடாவிட்டால், டிசம்பர் சோதனை வரை விடுதியில் என் இடம் இருக்குமா?"

வக்கீல்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எதிர்க் கல்லூரி அதிபர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொரை துப்பாக்கியை இறக்கிவிட்டு பிரின்சிபலின் முகத்தைப் பார்த்தார். அவருடைய தோட்டத்திலும் அந்த மாதங்களில் சவக்குழி வெட்டி ஓய்ந்திருக்கமாட்டார்கள்.

பிரின்சிபல் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார்.

"நிச்சயமாக," என்றார். "அதில் என்ன சந்தேகம்?"

"டிசம்பர் வரைக்கும் எண்டு செல்லட்டும்," என்றான் நிலாம் தரையிலிருந்து.

"டிசம்பர் வரை," என்றார் பிரின்சிபல். வார்த்தை பல்லுக்கிடையில் வந்தது.

சிறில் முதுகுக்குக் கையைக் கொண்டுபோய் ஊசியைத் தேடினான். எட்டவில்லை. நான் கழற்றிக் கொடுத்தேன். மை என் விரலில் ஒட்டியது. அவன் தடத்தை விட்டு வெளியே நடந்து, புல்லில் தலையை முழங்காலுக்குள் வைத்து உட்கார்ந்தான்.

நிலாமும் மற்ற மூவரும் எழுந்து தடத்தை விட்டு விலகினார்கள். துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள். ஒருவன் எழுந்து ஓடினான். மற்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான், பிறகு அவனும் எழுந்தான். அவன் எழும்வரை சிறில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொடர் ஓட்டத்தில் நிலாமின் குழு வென்றது. கேடயம் எதிர்க் கல்லூரிக்குப் போனது. எங்கள் பையன்களில் சிலர் அன்றைக்கு நிலாமோடு பேசவில்லை. ஒருவன் சிறிலின் கட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

மாலையில் பிரின்சிபல் என்னை அழைத்தார். சிறிலுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். நிலாமின் குழுவை விலக்கும் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அவர் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. கல்லூரித் தவணை முடிவோடு நான் வேலையை விட்டுப் போகலாம் என்றார். சரி என்றேன். வெளியே வரும்போது, "அந்த இரண்டாவது பையன் எழுந்துவிட்டானல்லவா?" என்று கேட்டார். எழுந்துவிட்டான் என்றேன்.

மறுநாள் ஞாயிறு, சிறிலின் முறைநாள். வீட்டிலிருந்து திரேசாவின் கம்பளியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். கட்டில் அதிர அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். நிலாம் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களை அமுக்கிப் பிடித்திருந்தான்.

"நாளைக்கு விட்டநாளுங்க, சேர்," என்றான் சிறில். பல் தந்தி அடித்தது.

"நாளைக்கும் படுத்திரு."

"எழும்பினா கால ஒடைப்பன்," என்றான் நிலாம். "இனி அந்தக் காலு கல்லூரிக்கும் வேணாம்."

கம்பளியைப் போர்த்தினேன். நடுக்கம் அடங்கி, சூடு ஏறி, வேர்வை விடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு கேத்திரகணிதப் புத்தகத்தை எடுத்தேன். தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

"எங்கே விட்டோம்?"

"வட்டத்துலங்க," என்றான். கண்ணைத் திறக்கவில்லை. "வாசிங்க சேர், கேட்டுக்கிறேன்."