கடல்ராசாவின் ஐம்பது பிள்ளைகள்

அந்தக் கதையை என் மகள் அஞ்சலைக்கு முதலில் சொன்னவன் நான்.

வானொலியில் வியட்நாம் யுத்தச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு நிலப்படம் விளங்காது. அந்த நாட்டவர் தங்கள் மூதாதையரைப் பற்றிச் சொல்லும் கதையைச் சொன்னேன். கடலை ஆண்ட லாக் லோங் குவான் நாக வம்சத்தவன். ஆவ் கோ என்ற மலைத் தேவதையை மணந்தான். அவள் நூறு முட்டைகள் ஈன்றாள். நூறு பிள்ளைகள் வந்தார்கள்.

அந்த இடத்தில் மகள் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. தண்ணீரில் பிறந்தவனும் மலையில் பிறந்தவளும் சேர்ந்து வாழ முடியவில்லை. ஐம்பது பேர் தந்தையோடு கடலுக்கும் ஐம்பது பேர் தாயோடு மலைக்கும் போனார்கள். மலைக்குப் போனவர்களில் மூத்தவன் முதல் ஹுங் அரசன் ஆனான். அந்தப் பரம்பரையில் பதினெட்டு அரசர்கள். கதவோரம் நின்று முழுவதையும் கேட்டவன் மாடசாமி.

மாடசாமி என் மனைவி இராக்கம்மாவின் அண்ணன். இராக்கம்மா போன சித்திரையில் காய்ச்சலில் இறந்தாள். அதன்பின் அஞ்சலை அவனோடும் அவன் மனைவி கருப்பம்மாவோடும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தாள். நான் இலங்கை மலையகத்தில், பூனாகலைத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியன். பள்ளியை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தேன். மாலையில் லயத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

மறுநாள் போனபோது வாசலில் சிரிப்புச் சத்தம். மாடசாமி கொழுந்துக் கூடையைச் சாய்த்து வைத்து, உள்ளேயிருந்து உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

“இது மூத்தவன். இது மூக்கொழுகி. இவன் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு லேட்டா வர்றவன், கங்காணிகிட்ட தெனமும் ஏச்சு வாங்குவான்!”

அஞ்சலை புரண்டு சிரித்தாள். லாக் லோங் குவான் ‘கடல்ராசா’ ஆகியிருந்தான்.

“பேர் லாக் லோங் குவான், மச்சான்,” என்றேன்.

“அந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போகும் மாப்ள.”

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அது ‘மாமா கதை’.

மாடசாமிக்கும் கருப்பம்மாவுக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இரு நாட்டு ஒப்பந்தப்படி தை மாதத்துக்குள் இந்தியாவுக்கே போய்விடக் கப்பலேற வேண்டும். எனக்கும் அஞ்சலைக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. அவள் என்னோடு வந்துவிடுவாள். செய்தி வந்த அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

“போறதுக்கு முன்ன புள்ளைக்குக் காது குத்திரணும் அண்ணே,” என்றாள் கருப்பம்மா.

“என்ன அவசரம்? தை கழியட்டும்.”

அவர்கள் போனபின் என் மடியில் வைத்துக் குத்தலாம் என்பது என் எண்ணம். அவள் கண்டுகொண்டாள்.

“தை கழிஞ்சா, தாய்மாமன் மடியத் தேடி இராமேஸ்வரத்துக்கா வருவீங்க? அப்பன் மடியில வச்சுக் குத்தினா மாமன் செத்துட்டான்னுல்ல ஊரு பேசும்!”

ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் பண்டாரவளை ஆசாரி பாய் விரித்து உட்கார்ந்தார். மாடசாமி புதுச் சட்டையும் தோடும் தட்டில் வைத்து, அஞ்சலையை மடியில் இருத்திக் கதையை ஆரம்பித்தான். நான் ஓரமாக நின்றேன். வலது காதில் கம்பி இறங்கியதும் அலறினாள். மாடசாமி குரலை உயர்த்தினான்.

“அப்பறம் நூறு புள்ளைகளும் அம்மா பின்னால மலைக்கு வந்திருச்சுக. கடல்ராசா மட்டும் தன்னந்தனியா கடலுக்குப் போயிட்டாரு.”

வேண்டுமென்றே மாற்றினான். கூட்டம் முழுவதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

“தப்பு. அம்பது பேர் அவரோட கடலுக்குப் போனாங்க.”

அஞ்சலையின் அழுகை நின்றது. “நெசமாவா?” என்று என்னைக் கேட்டாள்.

“நெசம். நான் படிச்சிருக்கேன்.”

அவள் மாடசாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அப்ப நானும் மாமாகூட கப்பல்ல போறேன். நான் அந்த அம்பதுல ஒருத்தி.”

எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமி சிரிக்கவில்லை. ஆசாரி இடது காதைத் தொட்டார். அவள் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு மாமா. அப்பத்தான் விடுவேன்.”

அவன் ஒரு ‘சரி’ சொன்னால் போதும். அதன்பின் அவளை என் வீட்டில் நிறுத்திவைக்கச் சட்டம் மட்டும்தான் மிஞ்சும். அவன் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான்.

“படிச்சவர் நீங்க வாத்தியாரே. நீங்களே சொல்லுங்க.”

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

“நான் மாத்திச் சொல்லிட்டேம்மா. மாமா சொன்னதுதான் சரி. எல்லாரும் மலைக்குத்தான் வந்தாங்க.”

“ஒருத்தர்கூடக் கடலுக்குப் போகலயா?”

“ஒருத்தர்கூட இல்ல.”

அவள் மாடசாமியின் பக்கம் திரும்பி, “அப்பாவுக்குக் கதையே தெரியல மாமா,” என்றாள். காதிலிருந்து கைகளை எடுத்தாள்.

நான் குனிந்து என் விரலை நீட்டினேன். வலித்தால் கடித்துக்கொள்ளட்டும் என்று. கம்பி இறங்கியது. அவள் மாடசாமியின் கையைக் கடித்தாள்.